ஃபிரேமுக்குள்ள ஆள் வர்றாங்க, இருங்க!

மணி அஞ்சே முக்கால். மார்கழி இருட்டு. காங்கேயத்திலிருந்து தாராபுரம் போகிற ரோட்டில், ஊதியூர் வருவதற்கு முன்னாலேயே வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓர் இட்டேரிக்குள் நுழைகிறோம். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை முள். நடுவில் மாட்டு வண்டி போகிற அகலத்துக்குத் தடம். முன்னால் என் சித்தப்பா மகன், தோளில் ட்ரைபாட். அவனுக்குப் பின்னால் அவனிடம் வேலை பழகுகிற பையன், முதுகில் லென்ஸ் பை. கடைசியில் நான், கையில் டீ ஃபிளாஸ்க். ஒரு நிலக்காட்சிப் படம் எப்படிப் பிறக்கிறது என்று பக்கத்தில் இருந்து பார்க்கப் போகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், சின்ன வயதில் கோபிச்செட்டிபாளையத்துக்கு சினிமா ஷூட்டிங் பார்க்கப் போனபோதுகூட நெஞ்சு இப்படி அடித்ததில்லை!

“அக்கா, டார்ச்ச அணைச்சிருங்க. கண்ணு இருட்டுக்குப் பழகட்டும்.”

அணைத்தேன். ஒரு நிமிடம் ஒன்றுமே இல்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. முதலில் வேலியின் மேல்விளிம்பு. அடுத்து வெள்வேல மரத்தின் குடை. அதற்கும் அப்பால் ஊதியூர் மலையின் முதுகு. எங்கோ ஒரு கோயில் ஸ்பீக்கரில் மார்கழிப் பாட்டு. ஒரு மயில் அகவியது, அதற்கு நாலு மயில் பதில் சொன்னது. தம்பி அதற்குள் ட்ரைபாடின் மூன்று காலையும் மண்ணில் அழுத்தி, கேமராவைப் பூட்டி, லென்ஸில் படிந்த பனியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

இந்தப் படம் போகப்போகிற இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ஊரில் புதிதாக ஒரு கல்யாண மண்டபம் கட்டுகிறார்கள். அதன் சாப்பாட்டு ஹாலில் 12 அடி அகலச் சுவர். அதற்குக் காங்கேயத்து மண்ணைக் காட்டுகிற மாதிரி ஒரு பெரிய படம் வேண்டும். மண்டபத்துக்காரர் ஒரே ஒரு கண்டிஷன் போட்டிருக்கிறார்: “ஆளு மட்டும் வேண்டாம் தம்பி. யாரு மூஞ்சியாச்சும் இருந்தா, அவன் படத்தப் போட்டீங்க, என் படத்தப் போடலியான்னு நாளைக்குப் பங்காளிகளுக்குள்ளயே பேச்சு வரும். நிலம், மரம், மாடு. அவ்வளவுதான்.” கொங்குச் சீமையில் கல்யாணம் காட்சி பார்த்தவர்களுக்கு இந்தக் கவலை புரியும். நியாயமான கவலை.

தம்பியின் மனசிலோ வேறு படம். அதில் ஓர் ஆள் இருக்கிறார்.

இந்த விஷயத்தில் அவன் ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று தெரிய, ஒரு நாள் முன்னால் போக வேண்டும். வெள்ளிக்கிழமை திருப்பூரில் அவனுடைய ஸ்டுடியோவில் உட்கார்ந்திருந்தேன். வாரம் முழுக்க அங்கே பனியன் கம்பெனிகளுக்கான கேட்லாக் வேலை. டீ-ஷர்ட்டை ஒரு பொம்மைக்கு மாட்டுகிறார்கள். சுருக்கமில்லாமல் இழுத்து, முதுகுப் பக்கம் கிளிப் போடுகிறார்கள். ஒரு படம். பிறகு பொம்மையைக் கழற்றிவிட்டு, துணியின் உள்பக்கக் கழுத்தை, லேபிள் தெரிகிற மாதிரி, தனியாக இன்னொரு படம். கம்ப்யூட்டரில் பொம்மையை அழித்துவிட்டு இரண்டையும் சேர்த்தால், தோளும் மார்பும் புடைத்து நிற்கிற சட்டை, உள்ளே ஆளே இல்லை! தொழிலில் இதற்கு கோஸ்ட் மேனிக்வின் என்று பெயர். நீங்கள் ஆன்லைனில் சட்டை வாங்கும்போது தினம் பார்க்கிற படம்தான். அன்று மட்டும் அறுபது சட்டையிலிருந்து அறுபது உடம்பை எடுத்தார்கள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வாரத்துல ஆறு நாள் மனுசன அழிக்கிறேன்க்கா. ஏழாவது நாள் ஒருத்தரையாச்சும் உள்ள கொண்டுவரணும்னு இருக்கு” என்றான்.

சரி, கொரங்காட்டுக்குத் திரும்புவோம். வெளிச்சம் வந்துகொண்டிருக்கிறது!

கொரங்காடு என்றால் என்ன என்று வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. காங்கேயம், தாராபுரம், மூலனூர் பக்கத்தில் மழை குறைவு, மண் சரளை. இங்கே ஒரு குடியானவர் தன் சொந்தப் பட்டா நிலத்தில் ஒரு பகுதியை உழாமல் மேய்ச்சலுக்கென்றே விட்டுவைப்பார். கீழே கொழுக்கட்டைப் புல். மேலே அங்கங்கே வெள்வேல மரம், நிழலுக்கும் நெற்றுக்கும். சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம் மாடு என்று ஊர் உலகமெல்லாம் கொண்டாடுகிறதே, அது வளர்ந்தது இந்தப் புல்லில். காட்டைப் பல துண்டாகப் பிரித்து, ஒன்றில் புல் தீர்ந்தால் அடுத்ததற்கு மாட்டை மாற்றுவார்கள். பழையகோட்டைப் பட்டக்காரர்கள் இந்த மாட்டினத்தைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த கதையை இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இன்று குட்டப்பாளையத்தில் சேனாபதி காங்கேயம் மாடுகள் ஆராய்ச்சி மையம் அதே வேலையைத் தொடர்கிறது.

ஆறரை தாண்டியதும் சூரியன் எட்டிப் பார்த்தது. அப்போது நடந்ததை எப்படிச் சொல்ல! கொழுக்கட்டைப் புல்லின் ஒவ்வொரு கதிரும் பின்னாலிருந்து வெளிச்சம் வாங்கி வெள்ளைச் சாமரம் மாதிரி எரிந்தது. தரையோடு தரையாகப் பனி. தம்பி விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தான். நாற்பது படமாவது இருக்கும். ஆளில்லாத, மாடில்லாத, அப்பழுக்கில்லாத நிலம். மாடு ஒன்றைத் தவிர, மண்டபத்துக்காரர் கேட்டது அப்படியே கையில் இருந்தது.

“முடிஞ்சுதா?” என்றேன்.

“முடியலக்கா. ஆள் வருவாரு, இருங்க.”

அவனுக்கு எப்படித் தெரியும்? மூன்று நாள் முன்பே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறான். வேலியின் நடுவே முள்ளும் குச்சியும் வைத்துக் கட்டிய படல் ஒன்று. அதைக் கட்டுகிற கயிறு தேய்ந்து பளபளக்கிறது என்றால் தினம் யாரோ அவிழ்க்கிறார்கள். படலுக்கு முன்னால் காயாத சாணி. அன்றைக்கே காத்திருந்து, வந்த பெரியவரிடம், “உங்களப் படம் எடுத்துக்கலாமுங்களா ஐயா?” என்று கேட்டு, அவரும் தலையாட்டியிருக்கிறார். நிலக்காட்சி எடுக்கிறவர்கள் சூரியன் எங்கே வரும் என்று செயலியில் பார்ப்பார்கள். இவன் கயிற்றைப் பார்க்கிறான்!

ஏழு பத்து. இட்டேரியில் கழுத்து மணிச் சத்தம். பால் ஊற்றிவிட்டு வருகிறார். மூன்று மயிலைப் பசு, கூட ஒரு செவலைக் கன்று. காங்கேயம் கன்று பிறக்கும்போது செம்மண் நிறத்தில்தான் இருக்கும், ஆறு மாதம் கழிந்த பிறகே சாம்பலுக்கு மாறும். தலையில் உருமால், தோளில் துண்டு, கையில் ஒரு சின்னக் குச்சி. படலை அவிழ்த்தார். மாடுகள் தானாக உள்ளே போயின. கன்று மட்டும் நின்று எங்களைப் பார்த்தது. அவர் நாக்கைச் சொடுக்கினார், அதுவும் போனது. படலை இழுத்துச் சாத்தி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டினார். மொத்தம் நாலு நிமிடம். தம்பி பதினோரு படம் எடுத்தான்.

அப்புறம் பெரியவர் என்ன செய்தார் தெரியுமா? திரும்பி வீட்டுக்குப் போகக் கிளம்பிவிட்டார்!

நான் பதறிப்போய், “மாட்ட யாருங்க பார்த்துக்குவாங்க?” என்று கேட்டேன்.

“வேலி பார்த்துக்கும் அம்மணி” என்றார்.

இதுதான் நான் இங்கே கற்றுக்கொண்ட பெரிய ரகசியம். கொரங்காட்டில் மாடு மேய்க்க ஆள் கிடையாது. கிளுவை வேலி மாட்டை வெளியே விடாது, வெளியே இருப்பதை உள்ளே விடாது. காலையில் நாலு நிமிடம், சாயங்காலம் நாலு நிமிடம். மற்ற நேரமெல்லாம் அந்தக் காட்டில் மனிதர் இல்லை. அப்படியானால் தம்பி முதலில் எடுத்த ஆளில்லாத நாற்பது படமும் பொய்யில்லை. அந்த வெறுமைதான் அந்தக் காட்டின் அன்றாடம். ஆனால் அந்த வெறுமையை உண்டாக்கியவர் ஒரு மனிதர். அவர் கிளுவைப் போத்து வெட்டிவந்து, மழைக்கு முன்னால் நெருக்கமாக நட்டு, இடைவெளி விழுந்த இடத்தில் முள் அடைத்து, வருஷா வருஷம் கழித்துவிட்டு, கடைசியில் தான் அங்கே நிற்க வேண்டிய தேவையே இல்லாமல் செய்துவிட்டார்.

தம்பி கேமராவின் திரையை அவரிடம் காட்டினான். கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

“இது யாரு, நானா?”

“நீங்கதானுங்க ஐயா.”

“என்னைய எதுக்கு இவ்வளவு தெளிவா? வேலி மங்கலாத் தெரியுது பாரு. இது எங்கய்யன் வெச்ச வேலி. அரை டவுசர் போட்ட வயசுல நானுந்தான் கூட நின்னு போத்து நட்டேன். அது வெளங்குற மாதிரி எடு கண்ணு.”

தம்பி ஒரு வார்த்தை பேசவில்லை. எஃப் 4-இல் இருந்த துளையை எஃப் 11-க்கு மாற்றினான். துளை சின்னதானால் கிட்ட இருப்பதும் தூரத்தில் இருப்பதும் சேர்ந்தே தெளிவாகும். பெரியவர் மறுபடி படலுக்குப் போய்க் கயிற்றில் கை வைத்தார். இந்த முறை வேலியில் சுற்றிய கோவைக்கொடியும் அதன் சிவப்புப் பழமும், அவருடைய விரலும், பின்னால் மேய்கிற மாடும் எல்லாமே தெரிந்தது. ஒரு போட்டோகிராபருக்குத் தன் படத்தில் எது முக்கியம் என்று, படத்தில் இருக்கிறவரே சொல்லிக்கொடுப்பதை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

இதற்கிடையில் பையன் தன் செல்போனில் அதே காட்சியை எடுத்து, ஆளை அழிக்கிற வசதியில் பெரியவரைச் சுற்றி வட்டம் போட்டான். இரண்டே நொடி. பெரியவர் இல்லை. எட்டிப் பார்த்தால், படலும் இல்லை! அவரோடு சேர்த்து அதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வேலியை நீட்டி நிரப்பியிருந்தது. உள்ளே மாடு நிற்கிறது, உள்ளே போக வழியில்லை. “அண்ணா, இந்த மாடெல்லாம் எப்படி உள்ள போச்சு?” என்று பையன் கேட்டானே, அந்த ஒரு கேள்வி போதும்.

மனிதரைப் படத்திலிருந்து காணாமல் ஆக்குவது புதிதில்லை. போட்டோ பிறந்த நாளிலிருந்தே அது இருக்கிறது. 1838-இல் பாரிஸில், போட்டோவின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் தன் ஜன்னலிலிருந்து ஒரு பெரிய தெருவைப் படம் எடுத்தார். தெருவில் வண்டியும் குதிரையும் கூட்டமும் போய்க்கொண்டிருந்த நேரம். படத்தில் தெரு காலி. தகட்டில் படம் பதியப் பல நிமிடம் ஆனதால், நகர்ந்த எல்லோரும் கரைந்துபோனார்கள். ஒரே ஒருவர் மட்டும், ஷூவுக்குப் பாலிஷ் போட ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றவர், பாலிஷ் போட்டவரோடு சேர்ந்து பதிந்துவிட்டார். போட்டோவில் விழுந்த முதல் மனிதர்கள் அவர்கள் என்று சொல்வார்கள்.

நம்ம ஊர்க் கதையும் உண்டு. சென்னை ராஜதானியின் அரசுப் படப்பிடிப்பாளராக இருந்த கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் தஞ்சாவூர், மதுரை, திருச்சி என்று சுற்றிக் கோயில்களை எடுத்தார். காகித நெகட்டிவ். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிவாரக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக்கினார். இன்று பார்த்தாலும் கை தட்டத் தோன்றுகிற உழைப்பு. ஆனால் அவருடைய படங்களைப் புரட்டினால் பெரும்பாலும் ஆளே கண்ணில் படுவதில்லை. பிரகாரம் காலி, தெப்பக்குளம் காலி, வீதி காலி. நெகட்டிவ் மெதுவானது என்பது காரணம். கோயிலைக் கட்டிடமாக மட்டும் பார்த்த கண்ணும் காரணம் என்றே எனக்குப் படுகிறது.

நகர்கிற ஆட்கள் கரைந்துபோகிற இந்த வித்தையை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தேன். தம்பி சிரித்துக்கொண்டே சனிக்கிழமை சாயங்காலம் காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ட்ரைபாடை நிறுத்தினான். திருப்பூர் கம்பெனிகளில் சனிக்கிழமை சம்பள நாள். வேலையாட்களை ஏற்றிய வண்டிகள் வந்து இறக்கிவிட்டபடி இருந்தன. பலகாரக் கடை முன்னால் கூட்டம், பூக்கடை முன்னால் கூட்டம், தாராபுரம் பஸ்ஸைப் பிடிக்க ஓட்டம். லென்ஸுக்கு முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடியை மாட்டினான். என்டி ஃபில்டர். வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கும். அதனால், சாதாரணமாக ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு நேரத்தில் விழுகிற படம், இப்போது விழ 34 நொடி ஆகும்.

34 நொடி நாங்கள் எண்ணினோம். எங்களுக்கும் பஸ் ஸ்டாண்டுக்கும் நடுவில் குறைந்தது ஐம்பது பேர் போனார்கள். திரையில் படம் வந்தது.

ஐயோ, ஊரே காலி! பஸ் போன இடத்தில் ஒரு வெளிச்சக் கோடு. தரை, கடைப் பலகை, விளக்குக் கம்பம். ஐம்பது பேரில் ஒருத்தர் இல்லை. நடுவில் மட்டும் தெளிவாக, பூக்கூடைக்குப் பின்னால், தலை குனிந்து சரம் தொடுத்துக்கொண்டு ஒரு பூக்காரம்மா. விரல்கள் மட்டும் புகை மாதிரி. எங்கேயும் போகாமல் உட்கார்ந்து வேலை செய்கிறவர் படத்தில் நின்றுவிடுகிறார்! பாரிஸில் ஷூவுக்குப் பாலிஷ் போட்டவர் நின்றாரே, அதே மாதிரி. பூக்காரம்மாவிடம் காட்டினோம். “மத்தவங்க எல்லாம் எங்க கண்ணு?” என்று கேட்டுவிட்டு, “நாம்பாட்டுக்கு இங்கயேதான் இருக்கேன்” என்று ஒரு முழம் மல்லி வெட்டிக் கொடுத்தார்.

ஆளைச் சேர்ப்பதிலும் பித்தலாட்டம் உண்டு, அதையும் பார்த்துவிடுவோம். இலங்கையில் கொக்கல, வெலிகம கடற்கரையில் கம்பு மேல் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவர்களின் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. இன்று அங்கே கம்பு மேல் ஏறுகிற பலருக்கும் வருமானம் மீனிலிருந்து இல்லை, படம் எடுக்க வருகிறவர்கள் கொடுக்கிற காசிலிருந்து. அவர்களுடைய பிழைப்பைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அந்தப் படத்தை, தற்செயலாகக் கண்ட காட்சி என்று சொல்லி மாட்டுகிறவர் மேல் எனக்குக் கோபம் உண்டு. நம் பக்கத்திலும், புழுதி கிளப்புவதற்காக ஆட்டுக்காரரைக் காசு கொடுத்து நாலு தடவை நடக்க வைக்கிற ஆட்கள் வருகிறார்கள். தம்பியின் பையில் அப்படி ஆளை அலங்கரிக்கிற சிவப்புத் துண்டோ, வாடகைக் குடையோ கிடையாது. நான் சோதித்துப் பார்த்துவிட்டேன்.

அவன் செய்வது காத்திருப்பது. அதே சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு தேங்காய்க் களத்துக்குப் போயிருந்தோம். காங்கேயத்துக்குத் தேங்காய் எண்ணெய் முகம் ஒன்று உண்டு. ஊரைச் சுற்றி மில்லும் உலர்களமும். உடைத்த தேங்காய் மூடிகள் வெயிலைப் பார்த்து லட்சக்கணக்கில் மல்லாந்து கிடக்கின்றன. நல்ல வெள்ளை. பக்கத்துக் கட்டிட மாடியிலிருந்து பார்த்தால் அது என்னவென்றே தெரியவில்லை. உப்பளமா, பூந்தோட்டமா, கூழாங்கல்லா? அளவு புரியவில்லை. தம்பி ஒரு மணி நேரம் மாடியில் நின்றான். கடைசியில் மூலையில் பச்சைச் சேலை கட்டிய ஓர் அம்மா, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, குனிந்து மூடிகளைத் திருப்பிப் போட்டபடி வந்தார். அந்த ஒரு பச்சைப் புள்ளி வந்ததும் வெள்ளை முழுவதும் தேங்காயாக மாறிவிட்டது! களம் எவ்வளவு பெரிது, வெயில் எவ்வளவு கடுமை, முதுகு எவ்வளவு நேரமாகக் குனிந்திருக்கிறது, எல்லாம் ஒரே நொடியில் தெரிந்தது.

கீழே இறங்கிப் போய்க் கேட்டோம். அந்த அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிச் சிரித்தார். “மூஞ்சி தெரியுதுங்களா? தெரியலீன்னா வெச்சுக்கங்க. கறுத்துப்போய்க் கெடக்கறேன்.” முகம் தெரியவில்லை என்று பெரிதாக்கிக் காட்டிய பிறகே தம்பி அந்தப் படத்தை வைத்துக்கொண்டான். இன்னொரு படத்தில் பக்கத்திலிருந்த அம்மாவின் முகம் தெரிந்தது. அவர் வேண்டாம் என்றார். அவர் கண் முன்னாலேயே அழித்தான். அந்தப் படமும் நன்றாகத்தான் இருந்தது.

தம்பிக்கு ஒரு வருத்தம் உண்டு, வண்டியில் வரும்போது சொன்னான். சில வருஷம் முன்பு கொரங்காட்டுப் படம் ஒன்றை ஒரு போட்டியில் இயற்கைப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறான். பனி, புல், வெள்வேலம், மாட்டின் முதுகில் கரிச்சான். திரும்பி வந்துவிட்டது. காரணம், விதி. உலகப் போட்டிகள் பலவும் பின்பற்றுகிற இயற்கைப் படத்துக்கான வரையறையில், மனிதக் கை பட்ட அடையாளம் இருக்கக் கூடாது. வீட்டு விலங்கு கூடாது, பயிரிட்ட செடி கூடாது. தானியக் கிடங்கில் குடியேறிய ஆந்தை மாதிரி, மனிதர் கட்டியதற்குள் தானாக வந்து வாழ்கிற உயிர்கள் போன்ற சிலவற்றுக்கு மட்டும் சலுகை. அப்படிப் பார்த்தால் மாடு வீட்டு விலங்கு, வேலி மனிதன் நட்டது. காங்கேயத்தின் அந்தப் புல்வெளியே இயற்கை இல்லை என்றாகிறது!

காட்டு யானையையும் இமயமலையையும் எடுக்கிறவர்களுக்கு அந்த விதி பொருந்தலாம். எங்கள் மண்ணுக்குப் பொருந்தாது என்று நான் அடித்துச் சொல்வேன். நம் ஆட்கள் நிலத்தைப் பார்த்த விதமே வேறு. நாற்கவிராச நம்பியின் அகப்பொருள் இலக்கணத்தில் ஒரு நிலத்துக்குரிய கருப்பொருள் பதினான்கு. அதில் மரம், பூ, நீர், பறவை, விலங்கு எல்லாம் உண்டு. தெய்வத்துக்கு அடுத்து, இரண்டாவதும் மூன்றாவதுமாக வைத்திருப்பது அந்த நிலத்து மக்களை. பதினான்காவது, அவர்கள் செய்கிற தொழில். ஆளையும் தொழிலையும் எடுத்துவிட்டால் இந்த மேய்ச்சல் நிலம் முல்லையே இல்லை. சும்மா புல்.

ஆளில்லா நிலக்காட்சி என்றால் எல்லோரும் ஆன்சல் ஆடம்ஸைச் சொல்வார்கள். நானும் அவர் படங்களைப் பார்த்து மயங்கியவள்தான். 1944-இல் சியரா நெவாடா மலையை அவர் எடுத்த குளிர்கால விடியல் படத்தில், இருண்ட குன்று ஒன்று வரும். அந்தக் குன்றில் லோன் பைன் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப் பெயரின் முதல் எழுத்துகளை வெள்ளைக் கல்லால் பெரிதாக எழுதியிருந்தார்கள். ஆடம்ஸ் அதை நெகட்டிவில் மறைத்துவிட்டார். படம் அழகுதான். அந்தப் பிள்ளைகள் கல் சுமந்து ஏறியதை நினைத்தால் எனக்கு மனசு கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை நாங்கள் போன இடத்தைப் பற்றி எழுதும்போது குதூகலம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. ஒரத்துப்பாளையம் அணை. காங்கேயத்துக்கு வடக்கே, சென்னிமலைப் பக்கம், நொய்யலின் குறுக்கே பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் பயன்பாட்டுக்கு வந்தது. வந்த சில வருஷத்திலேயே திருப்பூர்ச் சாயத் தண்ணீர் தேங்குகிற இடமாகிவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறும் தோட்டமும் கெட்டன. விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவு நீரைத் துளியும் வெளியே விடாத ஏற்பாடு வரும்வரை சாயப் பட்டறைகளை மூடச் சொன்னது.

தம்பி அங்கேயும் அந்தக் கறுப்புக் கண்ணாடியை மாட்டினான். தண்ணீர் பட்டு மாதிரி வழவழப்பாக வந்தது. நுரை கரைந்து பனியானது. வானம் இளஞ்சிவப்பு. மண்டபச் சுவருக்கே போடலாம், அவ்வளவு அழகு. ஒரு நிமிடம் பார்த்தான், அழித்தான். “இத யாராச்சும் பார்த்தா, இங்க வந்து குளிக்கலாம்னு நெனப்பாங்கக்கா.”

பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு எடுத்தான். கரை, மதகு, காய்ந்து நிற்கிற தென்னை. ஆள் வருவாரா என்று இரண்டு மணி நேரம் இருந்தோம். யாரும் வரவில்லை. அந்தப் படத்தில் ஆள் இல்லாதது அந்த இடத்தின் செய்தி. ஆனால் பார்க்கிறவருக்கு அது அமைதி மாதிரித் தெரியும். அதனால் அந்தப் படத்தை எங்கே வைத்தாலும் கீழே ஊர்ப் பெயரும் 1992, 2011 என்ற இரண்டு ஆண்டுகளும் இருந்தே ஆக வேண்டும் என்று நாங்கள் இருவரும் முடிவு செய்தோம். கொரங்காட்டில் ஆளின் வேலையை வேலி சொல்கிறது. இங்கே சொல்ல எழுத்து வேண்டியிருக்கிறது.

மண்டபத்துச் சுவர் என்ன ஆனது என்று கேட்பீர்கள். தம்பி மூன்று படம் கொண்டுபோனான். ஆளில்லாத புல்வெளி ஒன்று, பெரியவர் தெளிவாக நிற்கிற படம் ஒன்று, பெரியவர் ஓரமாகத் திரும்பி நின்று படல் கட்ட, வேலி முழுக்கத் தெரிகிற படம் ஒன்று. மண்டபத்துக்காரர் மூன்றாவது படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். “மூஞ்சி தெரியல. எங்கப்பாரு மாதிரியே இருக்குது” என்றார். அதற்குமேல் கண்டிஷனைப் பற்றி யாரும் பேசவில்லை. சுவரில் இப்போது அந்தப் படம்தான். பந்தியில் உட்காருகிறவர்களில் ஒருவர் தவறாமல் அதைக் காட்டி, அது எங்க பெரியப்பா, எங்க தாத்தா என்று சொல்வதாகச் சமையல்காரர் சொன்னார்.

பெரியவருக்கு ஒரு பிரதி பிரேம் போட்டு, அடுத்த வாரம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வேலியைப் பார்த்தார். போத்து போத்தாக எண்ணுகிற மாதிரி விரலை நகர்த்தினார். அப்புறம் நிமிர்ந்து, “அன்னிக்கு நான் போனதுக்கப்புறம் கிட்ட போய் எடுத்தீங்களா? படலத் தொறக்கலீல்ல?” என்று கேட்டார்.

திறக்கவில்லை. நீங்களும் காங்கேயம் பக்கம் கேமராவோடு வருவீர்கள். மார்கழி, தை மாதம் வாருங்கள், புல்லில் கதிர் இருக்கும். கொரங்காட்டுக்குள் போக வேண்டுமென்றால் உரியவரைக் கேட்டுக்கொண்டு போங்கள். படலைத் திறந்தால், உள்ளே போனதும் ஒரு தடவை, வெளியே வந்ததும் ஒரு தடவை, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டிவிடுங்கள்.